நண்பர்களோடு போராட்டக் குழு கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு கோரிக்கைக்காக ஆள் திரட்டப் புறப்படும் புதியவர்கள் பெரும்பாலும் துண்டறிக்கையில் தொடங்குகிறார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் அழைப்பு, அதற்கப்புறம் கூட்டம். கூட்டத்துக்கு ஆள் வராதபோதுதான் நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் போன் போகிறது. அப்படி வந்தவர்கள் முகதாட்சண்யத்துக்காக வந்தவர்கள். இரண்டாவது கூட்டத்தில் அவர்களைக் காணோம்.

இங்கே வரிசை தலைகீழாகிவிட்டது. கோரிக்கையில் நியாயம் இருந்தால் பலரும் ஆதரவாகத் தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி வீட்டை விட்டுக் கிளம்புவது, தெரிந்தவர் ஒருவர் வருகிறார் என்பதால்தான். குழுவை விட்டுப் போகிறவர்களும் அப்படித்தான். கொள்கை பிடிக்காமல் போகிறவர்கள் குறைவு, கூட இருக்கும் ஒருவரோடு ஒத்துப்போகாமல் போகிறவர்களே அதிகம்.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய மாணவர்கள் தொண்டர்களாகப் போனார்கள். உயிருக்கே ஆபத்தான வேலை அது. சமூகவியலாளர் டக் மெக்ஆடம் அவர்களின் விண்ணப்பங்களைப் பின்னாளில் தேடியெடுத்து ஆராய்ந்தார். போனவர்கள் 720 பேர், தேர்வான பிறகு பின்வாங்கியவர்கள் 239 பேர். கொள்கைப் பற்றில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முன் அனுபவத்திலும், சேர்ந்திருந்த அமைப்புகளின் எண்ணிக்கையிலும், முக்கியமாக நெருங்கிய நண்பர்களும் போகிறார்களா என்பதிலும்தான் வித்தியாசம் இருந்தது.

ஆக, ஆளைக் கொண்டுவருவது உறவு. ஆனால் அதே உறவு குழுவுக்குள் உட்கார்ந்து முடிவெடுக்கத் தொடங்கினால், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு மூடிவிடும். கீழே உள்ள படிகளில் முதல் ஐந்து ஆள் சேர்ப்பது பற்றியவை. மீதி, சேர்ந்தவர்களை உறவுச் சிக்கலில் இழக்காமல் இருப்பது பற்றியவை. அந்த இரண்டாம் பகுதியைப் ‘பிரச்சினை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்காதீர்கள். பிரச்சினை வந்த பிறகு எழுதும் விதி எதுவும், யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகவே படும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கோரிக்கையை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். யார், எதை, எப்போதுக்குள் செய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். ‘தண்ணீர்ப் பிரச்சினை தீர வேண்டும்’ போதாது.

உங்களோடு முதல் மூன்று மாதம் நிற்கச் சம்மதித்த மூன்று முதல் ஐந்து பேர் வேண்டும். அவர்கள் எல்லோரும் ஒரே நட்பு வட்டமாக இல்லாமல், இருவராவது வேறு வட்டத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கட்டும். ஏன் என்பது 2ஆம் படியில் புரியும்.

ஒரு நோட்டு வேண்டும். செயலி வேண்டாம், காகித நோட்டே போதும்.

1. முதல் பேச்சு வீட்டில்

முதல் கூட்டத்துக்கு நாள் குறிக்கும் முன், உங்களோடு வாழ்கிறவர்களிடம் பேசுங்கள். துணைவர், பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், அறைத்தோழர் என்று யாராக இருந்தாலும் சரி. நீங்கள் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டு வேலையைச் சுமப்பது அவர்கள்தான். அதிகாரிகளோ எதிர்த்தரப்போ அழுத்தம் கொடுத்தால் அதுவும் முதலில் அவர்கள்மேல்தான் விழும்.

நான்கு விஷயங்களைப் பேசி முடியுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இதற்குப் போகும்? வீட்டுப் பணத்திலிருந்து எவ்வளவு வரை செலவு செய்யலாம்? உங்கள் பெயரும் படமும் வெளியே வருவதில் அவர்களுக்குச் சம்மதமா? நீங்கள் வீடு திரும்ப முடியாமல் போனால் யாரைக் கூப்பிட வேண்டும், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது?

வெளியில் நடந்தது வீட்டுக்குள் எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு, அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பேருந்தில் ஏற மறுத்த புறக்கணிப்பைப் பாருங்கள். 1955 டிசம்பரில், வெள்ளையருக்காகப் பேருந்து இருக்கையை விட்டுத்தர மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதில் அது தொடங்கியது. அதன்பின் அவருடைய வேலை போனது. கணவர் ரேமண்டும் தன் வேலையை விட வேண்டியதாயிற்று. 1957இல் குடும்பமே ஊரை விட்டு டெட்ராய்ட்டுக்குப் போனது. இத்தனை பெரிய விலை எல்லோருக்கும் வராது. ஆனால் சிறிய அளவில் எல்லோருக்கும் ஏதாவது வரும்.

பொதுவாக நடக்கும் தவறு: ‘சொன்னால் விடமாட்டார்கள்’ என்று மறைப்பது. பத்திரிகையில் படம் வந்த அன்று அது எப்படியும் தெரிந்துவிடும். அதன்பிறகு வீட்டில் நடக்கும் சண்டை போராட்டத்தைப் பற்றியதாக இருக்காது, மறைத்ததைப் பற்றியதாக இருக்கும். அந்தச் சண்டையில் உங்கள் பக்கம் நியாயமும் இருக்காது.

வீட்டில் எதிர்ப்பு இருந்தால் விலக வேண்டும் என்பதில்லை. எந்த அளவு வரை சரி என்று ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். கணக்கு பார்ப்பது, மனு எழுதுவது, போனில் தகவல் சொல்வது என்று பெயர் வெளியே வராத வேலைகள் எந்தக் குழுவிலும் நிறைய உண்டு.

2. தெரிந்தவர்களை வரைந்து பாருங்கள்

நோட்டில் மூன்று வட்டம் போடுங்கள். நள்ளிரவில் கூப்பிட்டாலும் வருகிறவர்கள் உள்வட்டம். பெயர் தெரியும், பார்த்தால் நின்று பேசுவோம் என்கிறவர்கள் நடுவட்டம். முகம் மட்டும் தெரிந்தவர்கள் வெளிவட்டம். முதல் குழுவில் உள்ள எல்லோரும் தனித்தனியாக இதைச் செய்து, பிறகு சேர்த்துப் பாருங்கள்.

உள்வட்டத்துப் பெயர்கள் ஒருவருக்கொருவர் அப்படியே பொருந்துவதைக் காண்பீர்கள். உங்கள் நண்பர்களும் உங்கள் நண்பரின் நண்பர்களும் பாதிக்கு மேல் ஒரே ஆட்களாக இருப்பார்கள். அதனால் உள்வட்டத்தை மட்டும் நம்பினால் இருபது பேரோடு குழு நின்றுவிடும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் சொன்னது இதைத்தான்: புதிய செய்தியும் புதிய தொடர்பும் நெருக்கமில்லாத அறிமுகங்கள் வழியாகவே வருகின்றன. பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதியை அவர் எடுத்துக்காட்டினார். அங்கே மக்கள் தங்கள் தங்கள் வட்டத்துக்குள் மிகவும் நெருக்கமாக இருந்தார்கள், ஆனால் வட்டங்களுக்கிடையே பாலம் இல்லை. குடியிருப்பை இடிக்க வந்தபோது அவர்களால் ஒன்றாகத் திரள முடியாமல் போனதற்கு அதுவே காரணம் என்பது அவர் வாதம்.

எனவே நெருங்கியவர்கள் துணிச்சல் தருவார்கள், அறிமுகமானவர்கள் பரப்பைத் தருவார்கள். இரண்டும் வேண்டும்.

வட்டங்களை முடித்ததும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இவர் சொன்னால் யார் கேட்பார்கள்? நன்றாகப் பேசுகிறவர், படித்தவர், பதவியில் இருப்பவர் ஆகியோரைப் புதியவர்கள் முதலில் தேடிப்போகிறார்கள். ஆனால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள் என்று பாருங்கள். அந்த வீட்டில் இருப்பவர்தான் நீங்கள் தேடும் ஆள். அவர் மேடையில் இரண்டு வார்த்தைகூடப் பேசாதவராக இருக்கலாம். அவர் வந்தால் பத்துப் பேர் வருவார்கள்.

இந்த நோட்டைப் படம் எடுத்துப் பகிராதீர்கள், இணையத்தில் ஏற்றாதீர்கள். யாருக்கு யார் நெருக்கம் என்ற பட்டியல் எதிர்த்தரப்பின் கையில் கிடைத்தால், யாரை மிரட்டினால் யார் பின்வாங்குவார் என்று காட்டிக்கொடுக்கும் வரைபடம் அது.

3. தனிச்சந்திப்பு: பாதி வேலை இங்கேதான்

ஒருவரை ஒருவர் தனியாகச் சந்தித்து முப்பது, நாற்பது நிமிடம் பேசுவது. சால் அலின்ஸ்கி என்ற அமெரிக்கக் களப்பணியாளர் 1940இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ஏரியாஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு இன்றும் இதையே அடிப்படை வேலையாக வைத்திருக்கிறது. புதியவர்கள் நேர விரயம் என்று தாண்டிப் போவதும் இதையேதான்.

முதலில், வந்த காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். நண்பர் என்றால் இது இன்னும் முக்கியம். சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டுக் கடைசி ஐந்து நிமிடத்தில் கோரிக்கையை எடுத்தால், அடுத்த முறை நீங்கள் சும்மாவே பார்க்கப் போனாலும் அவர் சந்தேகப்படுவார். ‘இன்றைக்கு உன்னிடம் இந்த விஷயமாகப் பேசத்தான் வந்தேன். மாட்டேன் என்று சொன்னாலும் நமக்குள் ஒன்றும் மாறாது’ என்று தொடங்கலாம். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

அடுத்து கேளுங்கள். இந்தப் பிரச்சினை உங்களை எப்படிப் பாதிக்கிறது, கடைசியாக எப்போது கோபம் வந்தது, அப்போது என்ன செய்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள். அவர் பேச்சு முக்கால் பங்கு, உங்கள் பேச்சு கால் பங்கு. அந்தக் கால் பங்கில் புள்ளிவிவரம் வேண்டாம். நீங்கள் ஏன் இதில் இறங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லிவிட்டு, பதிலுக்கு உங்களிடமிருந்து தகவல்கள் மட்டுமே கிடைத்தால், தன்னை விசாரித்ததாகத்தான் நினைப்பார்.

கடைசியாக, சிறிய, குறிப்பான ஒன்றைக் கேளுங்கள். ‘ஆதரவு தருவீர்களா?’ என்று கேட்டால் ‘கண்டிப்பாக’ என்பார், அதோடு போயிற்று. ‘ஞாயிறு மாலை உங்கள் வீட்டில் எட்டுப் பேர் உட்காரலாமா?’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்ற உண்மையான பதில் வரும்.

திரும்பி வந்ததும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: அவர் கவலை என்ன, எதற்குச் சம்மதித்தார், எதற்கு மறுத்தார். அவர் எதிரே உட்கார்ந்து எழுதாதீர்கள். இரண்டு நாளைக்குள் ஒரு போன் செய்து, பேசியதற்கு நன்றி சொல்லி, ஒப்புக்கொண்டதை நினைவுபடுத்துங்கள். பத்து நாள் கழித்துப் பேசினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இந்தப் படியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் மூன்று தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சந்திப்பைப் பிரசங்கமாக்குவது. இன்னொன்று, பழைய உதவியைச் சொல்லிக்காட்டி அழைப்பது. ‘உன் கஷ்டத்தில் நான் நின்றேனே’ என்று கேட்டால் அவர் வருவார், ஒரே ஒரு முறை. கடன் தீர்ந்ததென்று கிளம்பிவிடுவார், நட்பும் கொஞ்சம் தேய்ந்திருக்கும். மூன்றாவது, மறுத்தவரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவது. இப்போது முடியாதென்றவர் ஆறு மாதம் கழித்து வருவதுண்டு, அவரை நீங்கள் மரியாதையோடு விட்டிருந்தால்.

4. வீட்டுக் கூட்டம்

தனிச்சந்திப்பில் சம்மதித்த ஒருவர் வீட்டில் ஆறு முதல் பத்துப் பேர். அழைக்க வேண்டியவர் வீட்டுக்காரர், நீங்கள் அல்ல. உங்கள் அழைப்பை மறுப்பது எளிது, பக்கத்து வீட்டுக்காரர் நேரில் வந்து கூப்பிட்டால் அப்படி மறுக்க முடியாது. 1950களில் கலிஃபோர்னியாவில் ஃபிரெட் ராஸ் என்ற களப்பணியாளர் இந்த முறையை வைத்தே பெரிய அமைப்பைக் கட்டினார். 1952இல் சான் ஹோசேயில் அவர் தேடிப்போய்ப் பேசிய இளைஞர்களில் ஒருவர்தான் பின்னாளில் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கிய சீசர் சாவேஸ்.

ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். எல்லோரும் ஒரு முறையாவது வாய் திறக்க வேண்டும். முடிக்கும்போது ‘அடுத்த கூட்டம் யார் வீட்டில்?’ என்று கேட்டுப் பதிலோடு எழுந்திருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கலைந்தால், வந்தவர்களின் நடுவட்டத்துக்குள் நீங்கள் போகவே முடியாது.

தவறு: பெரிய கூட்டமாக இருக்கட்டும் என்று முப்பது பேரை அழைப்பது. அங்கே நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்வையாளர்கள்.

5. எதிர்க்கருத்து உள்ள உறவினரும் நண்பரும்

எல்லா வட்டத்திலும் எதிர்ப்பவர் ஒருவர் இருப்பார். அவரோடு குழு வாட்ஸ்அப்பிலோ விசேஷ வீட்டிலோ வாதாடாதீர்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் மனம் மாற மாட்டார்கள், மானத்தைத்தான் காப்பார்கள்.

தனியாகப் பேசினால் மாற்றம் நடக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2016இல் டேவிட் பிரூக்மனும் ஜோஷுவா கல்லாவும் வெளியிட்ட ஆய்வில், களப்பணியாளர்கள் மயாமியில் வீடு வீடாகப் போய்த் திருநர் குறித்துச் சுமார் பத்து நிமிடம் பேசினார்கள். எதிரே இருப்பவரைக் குற்றம் சொல்லாமல், அவரே ஒதுக்கப்பட்ட அனுபவத்தை நினைக்கச் செய்யும் பேச்சு. வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் நின்றிருந்தது. பேசப் போனவர்கள் முன்பின் தெரியாதவர்கள். உறவினரிடம் உங்களுக்குப் பத்து நிமிடத்தைவிட அதிக நேரம் இருக்கிறது. ஆனால் பழைய மனத்தாங்கல்களும் இருக்கின்றன, அவை பேச்சில் கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறாவிட்டால் விடுங்கள். அவர் உங்கள் மாமாவாகவோ நண்பராகவோ தொடரட்டும். குழுவுக்காக எல்லா உறவையும் வெட்டிக்கொண்டவருக்கு அப்புறம் குழுவைத் தவிர யாரும் இல்லாமல் போகிறது. அப்படிப்பட்டவர் எந்த விஷயத்திலும் விட்டுக்கொடுக்க முடியாதவராகிவிடுகிறார், அது குழுவுக்கும் நல்லதல்ல.

6. முடிவெடுப்பதை நட்பிலிருந்து பிரித்துவையுங்கள்

குழு பதினைந்து பேரைத் தாண்டியதும் இந்தப் படிக்கு வந்துவிடுங்கள். தள்ளிப்போடக் கூடாத படி இது.

‘நமக்குள் தலைவர் யாரும் இல்லை, எல்லோரும் நண்பர்கள்’ என்று பெருமையாகச் சொல்லும் குழுக்களில் உண்மையில் என்ன நடக்கிறது? கூட்டம் முடிந்து நான்கு பேர் ஒன்றாக வீடு திரும்புகிறார்கள். வழியில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அது ஏற்கெனவே முடிவான விஷயமாக வருகிறது. அவர்கள் சதி எதுவும் செய்யவில்லை, நண்பர்கள் பேசிக்கொள்வது இயல்பு. ஆனால் அந்த நால்வரோடு வீடு திரும்பாத ஐந்தாம் ஆளுக்குத் தன் பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று புரிந்துவிடும். அமெரிக்கப் பெண் விடுதலைக் குழுக்களைப் பற்றி ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில் எழுதியது இன்றும் அப்படியே பொருந்துகிறது: எழுதிவைத்த அமைப்புமுறை இல்லாத இடத்தில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை, அது நட்பு வட்டத்தின் கைக்குப் போகிறது, அதை யாரும் கேள்வி கேட்க முடியாமலும் போகிறது.

செய்ய வேண்டியவை இவை.

கூட்டத்தில் எடுத்தது மட்டுமே முடிவு என்று எழுதிவையுங்கள். போனில், வண்டியில், சாப்பாட்டு நேரத்தில் பேசியது எல்லாம் யோசனைதான். அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவரும்போது ‘நாங்கள் மூவர் இதைப் பேசினோம்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

என்னென்ன பேசப் போகிறோம் என்பதை இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் அனுப்புங்கள். திடீரென்று ஒரு விஷயம் வந்தால் நெருங்கியவர்களிடம் மட்டும் தயார் பதில் இருக்கும்.

கூட்டத்தை நடத்துபவரும் குறிப்பு எழுதுபவரும் ஒவ்வொரு முறையும் மாறட்டும். முதல் சில முறை தடுமாற்றமாகத்தான் இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள், வேறு வழியில் யாரும் பழக முடியாது.

பணத்தை இருவர் பார்க்க வேண்டும். அந்த இருவரும் உறவினராகவோ நெருங்கிய நண்பர்களாகவோ இருக்கக் கூடாது. மாதம் ஒரு முறை கணக்கை எல்லோர் முன்னும் படியுங்கள். இது அவநம்பிக்கை அல்ல. கணக்கு வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. நாளை யாராவது பழி சொன்னால் அவருக்காகப் பேசப்போவது அந்தக் கணக்குத்தான்.

புதிதாக வருகிறவருக்கு முதல் மாதம் ஒரு துணை ஏற்பாடு செய்யுங்கள். அவரை அழைத்துவந்த நண்பர் வேண்டாம், வேறு ஒருவர். ஒரே ஒருவரோடு மட்டும் கட்டப்பட்டவர், அந்த ஒருவர் விலகும் நாளில் தானும் விலகுவார். ஆளுக்குக் குறைந்தது மூன்று பேரோடு தொடர்பு இருக்க வேண்டும் என்பதை இலக்காக வையுங்கள்.

சரி, இதெல்லாம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சேர்ந்து ஒரு மாதம் ஆன ஒருவரிடம், ஒரு சமீபத்திய முடிவைச் சொல்லி ‘இதை யார், எப்போது முடிவு செய்தார்கள்?’ என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் நல்லது. ‘அவங்கதான் சொன்னாங்க’ என்று ஒரு பெயரைச் சொன்னால், மேலே உள்ளவற்றில் எது விட்டுப்போயிற்று என்று பாருங்கள்.

7. காதலர், தம்பதியர், ஒரே குடும்பத்தார்

ஒன்றாக வேலை செய்யும் இடத்தில் காதல் வரும். தம்பதியராகவே சேர்கிறவர்களும் உண்டு. இதைத் தடைசெய்ய முயலாதீர்கள், மறைவாக நடக்கும், அவ்வளவுதான். அதிகாரம் கலக்கும் இடங்களை மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

ஒரே வீட்டில் இருவர் பணக் கையெழுத்தில் இருக்கக் கூடாது. ஒருவர் வேலையை மற்றவர் மேற்பார்வை செய்யக் கூடாது. துணைவரைப் பற்றிய முடிவு வரும்போது வெளியே போய்விட வேண்டும். இருவருக்கும் தனித்தனி வாக்கு, தனித்தனி அழைப்பு. ‘அவரிடம் சொல்லிவிட்டேன், அவர் உங்களிடம் சொல்லியிருப்பார்’ என்பது கூடாது. பெரும்பாலும் இதில் காணாமல் போவது பெண்ணின் குரல்தான்.

இருவர் பிரிந்தால் குழு யார் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. சில வாரங்களுக்கு வேறு வேறு வேலைகளில் போடுங்கள். அவரவர் எதில் தொடர விரும்புகிறார் என்று தனித்தனியாகக் கேளுங்கள். நண்பர் அதிகம் உள்ளவர் தங்குவதும் மற்றவர் சத்தமில்லாமல் மறைவதும்தான் வழக்கமாக நடக்கிறது. அது நடக்காமல் பார்ப்பது ஒருங்கிணைப்பாளரின் பொறுப்பு.

இனி சொல்லப்போவது வேறு வகை. தொல்லை, மிரட்டல், வற்புறுத்தல் பற்றிய புகார் தனிப்பட்ட விஷயம் அல்ல. ‘இயக்கத்தின் பெயர் கெடும்’, ‘இப்போது நேரம் சரியில்லை’ என்று புகார் கொடுத்தவரை அடக்கும் குழு, அதன்பிறகு எந்த நீதியைப் பற்றிப் பேசினாலும் எடுபடாது. புகார் கேட்க இருவரை முன்கூட்டியே நியமியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், முன்னணியில் இருப்பவர்களுக்கு நெருக்கமானவர்கள் வேண்டாம். விசாரணை முடியும்வரை புகாருக்கு உள்ளானவர் பொறுப்புகளிலிருந்து விலகியிருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் சட்டப்படி புகார் கொடுக்க விரும்பினால் அவரோடு கூடவே போங்கள்.

8. மனத்தாங்கலை எந்த வரிசையில் அணுகுவது

முதலில் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். வழிமுறை பற்றிய சண்டை (மனு கொடுப்பதா, மறியல் செய்வதா) கூட்டத்தில் பேச வேண்டியது. பெயர் யாருக்குக் கிடைத்தது, படத்தில் யார் இருந்தார்கள் என்ற சண்டை வேலைப் பங்கீட்டில் தீர்வது. சொந்தக் காயம் என்றால் இருவரும் ஒரு நடுவரோடு தனியே உட்கார வேண்டும். சொந்தக் காயம் பல நேரம் வழிமுறைச் சண்டையின் வேஷத்தில் வரும். ஒரே ஆள் சொல்லும் எல்லாவற்றையும் ஒருவர் எதிர்க்கிறார் என்றால் அதை வாக்கெடுப்பால் தீர்க்க முடியாது.

நேரில் பேசும் வரை வாட்ஸ்அப்பில் பதில் வேண்டாம். எழுத்தில் குரல் இல்லை, கோபம் மட்டும் இரட்டிப்பாகத் தெரியும். சாட்சிகளும் கூடிவிடுவார்கள். பெயர் இல்லாமல் வரும் செய்தியை நம்பிச் செயல்படவும் வேண்டாம். அமெரிக்க உளவு அமைப்பான எஃப்பிஐ 1956 முதல் 1971 வரை நடத்திய ரகசியத் திட்டத்தில், இயக்கத்தினரிடையே சந்தேகம் மூட்டவும் தம்பதியரைப் பிரிக்கவும் மொட்டைக் கடிதங்கள் அனுப்பியது. பிரிட்டனில் போலீசார் மாற்றுப் பெயரில் இயக்கங்களுக்குள் புகுந்து அங்கிருந்த பெண்களோடு பல ஆண்டுகள் காதலர்களாக வாழ்ந்தது வெளியே வந்தது. 2015இல் லண்டன் காவல்துறை அப்படி ஏமாற்றப்பட்ட ஏழு பெண்களிடம் மன்னிப்புக் கேட்டது.

இதைப் படித்துவிட்டு எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்குவதுதான் அடுத்த தவறு. ‘அவன் உளவாளி’ என்ற பேச்சு ஆதாரமில்லாமல் ஒரு முறை கிளம்பினால், உண்மையான உளவாளி செய்யக்கூடியதைவிட அதிக சேதம் செய்யும். 6ஆம் படியின் நடைமுறைகளே இதற்கும் காவல். முடிவும் கணக்கும் வெளிப்படையாக உள்ள குழுவில் உளவாளிக்குத் திருட அதிகம் எதுவும் கிடைக்காது. மொட்டைச் செய்தி வந்தால் சம்பந்தப்பட்டவரிடமே கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.

9. போராட்டம் நீளும்போது

மாண்ட்கோமரி புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. பேருந்தில் ஏறாதவர்கள் தினமும் வேலைக்குப் போய்வர நூற்றுக்கணக்கான கார்களில் இடம் ஏற்பாடு செய்யப்பட்டது. உறுதி மட்டும் இருந்து இந்த ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால், ஓராண்டைத் தாண்டுவது கடினமாக இருந்திருக்கும். உங்கள் குழுவும் அந்த மாதிரி ஒன்றை யோசிக்க வேண்டும்: கூட்ட நேரத்தில் குழந்தைகளைப் பார்க்க ஆள், இரவில் பெண்களைக் கொண்டுவிட ஆள், வேலை போனவருக்குச் சிறு நிதி.

மாதம் ஒரு முறை வேலை பேசாத சந்திப்பு வையுங்கள். எப்போதும் பணி கேட்க மட்டுமே போன் செய்கிறவரின் அழைப்பை, மூன்றாம் மாதத்தில் எடுக்க மாட்டார்கள்.

10. விலகுகிறவர்களை அனுப்பிவைப்பது

விலகல் நடக்கும் என்று எதிர்பார்த்தே பொறுப்புகளைப் பிரித்துக்கொடுங்கள். ஒவ்வொரு வேலையையும் தெரிந்த இரண்டாவது ஆள் இருக்க வேண்டும். கடவுச்சொல், தொடர்பு எண்கள், ரசீதுகள் ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவரோடு ஏற்படும் சின்னப் பிணக்குகூடக் குழுவை முடக்கும்.

போகிறவரோடு நேரில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எது களைப்பாக்கியது? யாரிடம் பொறுப்பைக் கொடுக்கலாம்? எப்போதாவது கூப்பிடலாமா, எதற்கு? பதிலை நோட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்குவதற்கு முன் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

அவர் திரும்பி வந்தால் பழைய பொறுப்பை உடனே கொடுக்காதீர்கள். அதை இப்போது செய்கிறவருக்கு அது அவமானமாகும். ஒரு வீட்டுக் கூட்டத்தை நடத்தித் தரச் சொல்லுங்கள். அவர் இல்லாத நாட்களில் சேர்ந்தவர்களை அழையுங்கள், அவர்கள் ஒருவரையொருவர் அறிந்த பிறகு மற்றதை முடிவு செய்யலாம்.